அட்டவணையில் விடை கண்ட எட்கர் காட்

பத்தாம் வகுப்பு மாணவி, சங்கரன்கோவில்

சர்வர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருபவர், தோளில் துண்டும் கையில் இட்லித் தட்டுமாக மேசைக்கு மேசை ஓடும் ஓட்டல் சர்வர்தான். 1964-ஆம் ஆண்டு நாகேஷ் நடித்து வெளிவந்த சர்வர் சுந்தரம் படத்தை எங்கள் வீட்டுப் பாட்டி இன்றும் சொல்லிச் சிரிப்பார். கணிப்பொறி உலகிலும் சர்வர்கள் உண்டு. அவையும் ஏறத்தாழ அதே வேலையைத்தான் செய்கின்றன. நாம் இணையத்தில் ரயில் பயணச்சீட்டுப் பதிவு செய்யும்போதும், தேர்வு முடிவைப் பார்க்கும்போதும் நம்மிடம் வந்து என்ன வேண்டும் என்று கேட்பது ஒரு பொறி. அதற்குப் பயன்பாட்டுச் சர்வர் என்று பெயர். அது தானே சரக்கறைக்குள் நுழைந்து துழாவுவதில்லை. உள்ளே இன்னொரு பொறி இருக்கிறது. அரிசி எந்த மூட்டையில், உளுந்து எந்த டப்பாவில் என்றறிந்து கேட்டதை அளந்து கொடுக்கும் சரக்கறைக்காரர் போன்றது அது. அதுவே தரவுத்தளச் சர்வர். மேசைக்கு வருபவருக்குச் சரக்கறையில் எது எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும்.

பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும் என்பது இன்று நமக்கு மிக எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் 1970-ஆம் ஆண்டுக்கு முன் கணிப்பொறியில் அப்படிக் கேட்க முடியாது. அதை முடியும் என்று காட்டியதோடு நில்லாமல், தாம் சம்பளம் வாங்கிய நிறுவனமே தயங்கிய போதும் அதற்காகப் பல ஆண்டுகள் வாதாடியவர் எட்கர் பிராங்க் காட். அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. கணிப்பொறி படிக்கும் ஒவ்வொருவரும் அவர் பெயரைப் படிக்கிறார்கள். மற்றவர்கள் பெயர் தெரியாமலே நாள்தோறும் அவருடைய எண்ணத்தைப் பயன்படுத்துகிறோம்.

இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் என்றொரு பகுதி உள்ளது. அதன் கடலோரத்தில் போர்ட்லந்து என்னும் சிறு பாறைத் தீவு. லண்டன் மாநகரின் புனித பவுல் பேராலயம் இத்தீவில் வெட்டியெடுத்த கல்லால் கட்டப்பட்டது. அங்கே 1923-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஏழு பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தார் காட். தந்தையார் தோல் தொழில் நடத்தியவர். தாயார் பள்ளி ஆசிரியை. படிப்பில் கெட்டிக்காரராக விளங்கிய சிறுவனுக்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் எக்ஸிட்டர் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. முதலில் எடுத்துக்கொண்ட பாடம் வேதியியல்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மாணவர் என்ற முறையில் போர்ப் பணியைத் தள்ளிப்போட அவருக்கு வழி இருந்தது. ஆயினும் 1942-இல் தாமே முன்வந்து விமானப்படையில் சேர்ந்தார். சண்டர்லாண்டு என்ற பெரிய கடல் விமானத்தை ஓட்டினார். நீரிலேயே இறங்கி நீரிலிருந்தே எழும்பும் விமானம் அது. விமானப் பயிற்சிக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டபோது அந்நாடு அவர் மனத்தில் இடம் பிடித்தது. போர் முடிந்து கல்லூரிக்குத் திரும்பியவர் வேதியியலை விட்டுக் கணிதத்துக்கு மாறி, 1948-இல் பட்டம் பெற்றுக் கப்பலேறினார்.

நியூயார்க் நகரில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, மேசீஸ் என்ற பெரிய கடையில் ஆடவர் விளையாட்டு உடைகள் விற்பது! ஆக்ஸ்போர்டில் கணிதம் படித்தவர் சட்டை அளவு பார்த்துக்கொண்டு நின்றார் என்று எண்ணும்போது எனக்கு ஏனோ அவர் மீது மதிப்புக் கூடுகிறது. பின்னர் டென்னசி பல்கலைக்கழகத்தில் சில மாதங்கள் கணிதம் கற்பித்தார். 1949-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் அந்நிறுவனம் ஒரு மாபெரும் கணக்கிடும் பொறியை நியூயார்க் நகரின் மாடிசன் சாலையில், வழிப்போக்கர்கள் கண்ணாடி வழியே பார்க்கும்படி நிறுவியிருந்தது. அதற்கு நிரல் எழுதும் கணிதராகவே காட் அவர்கள் தம் கணிப்பொறி வாழ்வைத் தொடங்கினார்.

நல்ல வேலை, நல்ல ஊதியம். ஆனால் 1953-இல் அதை உதறிவிட்டு அவர் கனடா நாட்டுக்குப் போய்விட்டார். அமெரிக்காவில் அந்நாளில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி என்பவர், இவர் பொதுவுடைமைக்காரர், அவர் பொதுவுடைமைக்காரர் என்று பலரையும் ஐயத்தின் பேரில் விசாரணைக்கு இழுத்து அச்சத்தைப் பரப்பிக்கொண்டிருந்தார். அது தவறு என்று காட் அவர்களுக்குப் பட்டது. தவறு நடக்கும் இடத்தில் இருக்கமாட்டேன் என்று புறப்பட்டுவிட்டார். நாற்பது பேர் நடுவே எழுந்து நின்று மறுப்புச் சொல்வதே நமக்கு நடுக்கமாக இருக்கிறது. இவர் நாட்டையே மாற்றிக்கொண்டார். ஒட்டாவா நகரில் சில ஆண்டுகள் பணிபுரிந்தபின், பழைய மேலாளர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்ததன் பயனாக 1957-இல் ஐ.பி.எம்.முக்கே மீண்டு வந்தார். ஒரே பொறி ஒரே சமயத்தில் பல நிரல்களை ஓட்டுவது எப்படி என்ற ஆராய்ச்சியில் ஈடுபட்டார். நான்கு அடுப்பையும் ஒருவரே பார்த்துக்கொள்ளும் சமையல் போன்ற வேலை அது.

அதன்பின் மீண்டும் மாணவரானார். நிறுவனத்தின் உதவித்தொகையில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, நாற்பதைத் தாண்டிய வயதில், 1965-இல் டாக்டர் பட்டம் பெற்றார். தன்னைப் போன்ற இன்னொன்றைத் தானே படைத்துக்கொள்ளும் பொறியைப் பற்றி ஜான் வான் நாய்மன் என்ற மேதை ஆராய்ந்திருந்தார். அவர் வகுத்த அமைப்பில் ஒவ்வொரு கட்டமும் 29 நிலைகளுள் ஒன்றில் இருக்கும். காட் அவர்கள் 8 நிலைகளே போதும் என்று நிறுவினார். சிக்கலானதை இன்னும் எளிதாக்க முடியுமா என்று பார்ப்பது அவருடைய இயல்பு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பின்னர் கலிபோர்னியா மாநிலத்தில் சான் ஓசே நகரிலுள்ள ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சென்றார். அவருடைய பெரும்பணி அங்கேதான் நடந்தது.

அந்நாளில் தரவுகளை எப்படி வைத்திருந்தார்கள் என்பதை நம் பள்ளியைக் கொண்டே விளக்கலாம். ஒரு பெரிய மரம் போல் எல்லா விவரங்களையும் அடுக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அடிமரம் பள்ளி, கிளைகள் வகுப்புகள், சிறு கிளைகள் பிரிவுகள், இலைகள் மாணவியர், ஒவ்வொரு இலையிலும் அவள் பேருந்து ஏறும் ஊர் எழுதியிருக்கிறது. பத்தாம் வகுப்பில் யார் யார் என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். புளியங்குடியிலிருந்து வருபவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாலோ, ஒவ்வொரு கிளையாக ஏறி ஒவ்வோர் இலையாகப் புரட்ட வேண்டும். அதற்கென்று நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவர் சில நாள் உட்கார வேண்டும். மரத்தை ஊர் வாரியாக மாற்றி அடுக்கினாலோ, பழைய அடுக்குக்கு எழுதிய நிரல்கள் அனைத்தும் பயனற்றுப் போகும். ஐ.பி.எம். விற்று வந்த ஐ.எம்.எஸ். என்ற அமைப்பு இத்தகைய மரமே. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் எண்ணற்ற உதிரிப் பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவானது அது. மோசமான அமைப்பு என்று சொல்லிவிட முடியாது. இன்றும் பெரிய வங்கிகளில் அது ஓடுகிறது. ஆனால் கேள்வி கேட்பவர் மரம் ஏறத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

காட் அவர்கள் இதற்குக் கண்ட விடை நம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. தோழியரே, பத்தாம் வகுப்புக் கணக்கின் முதல் அத்தியாயம் நினைவிருக்கிறதா? உறவுகளும் சார்புகளும்! நம்மில் பலர் இது எதற்குப் பயன்படப் போகிறது என்று முணுமுணுத்த அதே பாடம். நம் வகுப்பு மாணவியர் 40 பேரை ஒரு கணம் என்றும், பேருந்து நிற்கும் 6 ஊர்களை இன்னொரு கணம் என்றும் கொள்வோம். இரண்டின் கார்டீசியன் பெருக்கலில் 240 சோடிகள் கிடைக்கும். அவற்றுள் உண்மையானவை, அதாவது இன்ன மாணவி இன்ன ஊரிலிருந்து வருகிறாள் என்பவை, 40 மட்டுமே. அந்த 40 சோடிகள் கொண்ட உட்கணமே உறவு. அதைக் காகிதத்தில் எழுதினால் இரண்டு பத்தி, நாற்பது வரி கொண்ட அட்டவணை. உறவுசார் தரவுத்தளம் என்ற பெயரில் உள்ள உறவு இதுதான். ஓர் அட்டவணைக்கும் இன்னோர் அட்டவணைக்கும் உள்ள சொந்தபந்தம் என்றே பலரும் நினைக்கிறார்கள், அப்படியன்று.

கணத்துக்கு இரண்டு குணங்கள் உண்டு என்று ஆசிரியை கற்பித்தார். அதில் முன்பின் வரிசை கிடையாது. ஒரே உறுப்பு இரண்டு முறை வராது. இந்த இரண்டு குணங்களையும் காட் அவர்கள் பற்றிக்கொண்டார். வரிசை கிடையாது என்றால், மேலிருந்து மூன்றாவது, இந்த அம்புக்குறி காட்டும் இடத்தில் உள்ளது என்றெல்லாம் கேட்க இயலாது. சேர்க்கை எண் 412 உடைய மாணவி என்று, மதிப்பைச் சொல்லித்தான் கேட்க முடியும். அப்படிக் கேட்கப் பழகிவிட்டால், பொறி அந்த வரியைத் தன் வட்டின் எந்த மூலையிலும் வைத்துக்கொள்ளலாம். நாளை இடம் மாற்றலாம். கேட்பவருக்கு அது தெரியவே வேண்டாம். 1969-இல் நிறுவனத்துக்குள் அறிக்கையாகவும், 1970 ஜூன் மாதம் அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கத்தின் இதழில் கட்டுரையாகவும் இதை அவர் வெளியிட்டார். பதினோரு பக்கக் கட்டுரை அது. அட்டவணையில் சில வரிகளை மட்டும் பொறுக்குவது, சில பத்திகளை மட்டும் எடுப்பது, இரண்டு அட்டவணைகளைப் பொதுவான பத்தி கொண்டு இணைப்பது போன்ற சில செயல்களைக் கொண்டே எந்தக் கேள்விக்கும் விடை காணலாம் என்று காட்டினார்.

இன்னொன்றும் சொன்னார். ஒரு செய்தியை ஓர் இடத்தில்தான் எழுத வேண்டும். இதன் அருமை நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதுவரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த சங்கரன்கோவில் வட்டம் அன்று முதல் தென்காசி மாவட்டம். ஒவ்வொரு மாணவியின் பெயருக்கு நேரேயும் திருநெல்வேலி மாவட்டம் என்று எழுதியிருக்கும் பதிவேட்டில், அத்தனை வரிகளையும் அடித்துத் திருத்த வேண்டும். பத்துப் பதிவேடு இருந்தால் பத்திலும் திருத்த வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால், எது சரி என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. காட் அவர்கள் சொன்னபடி, மாணவிக்கு நேரே வட்டத்தின் பெயரை மட்டும் எழுதி, எந்த வட்டம் எந்த மாவட்டம் என்பதை வேறொரு சிறு அட்டவணையில் வைத்திருந்தால்? ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். கரிவலம்வந்தநல்லூர்க்காரியும் சங்கரன்கோவில்காரியும் ஒரே நொடியில் தென்காசி மாவட்டத்தார் ஆகிவிடுவார்கள். இப்படி அட்டவணைகளைப் பிரித்துச் சீராக்கும் விதிகளை அவர் அடுத்த சில ஆண்டுகளில் படிப்படியாக வகுத்தார். அவற்றுள் ஒன்று, ரேமண்ட் பாய்ஸ் என்ற இளம் ஆய்வாளரின் பெயரும் இவர் பெயரும் சேர்ந்து இன்றும் வழங்குகிறது. பாய்ஸ் 1974-இல் மிக இளம் வயதில் இறந்துபோனது இக்கதையில் வரும் துயரங்களுள் ஒன்று.

இவ்வளவு நல்ல எண்ணத்தை நிறுவனம் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. ஐ.எம்.எஸ். விற்பனையில் ஐ.பி.எம்.முக்கு நல்ல வருவாய் இருந்தது. அதனைவிடச் சிறந்தது ஒன்று வரப்போகிறது என்று தன் ஆராய்ச்சியாளரே ஊரெங்கும் பேசுவதை எந்த வியாபாரிதான் விரும்புவார்! கணிதம் அழகாயிருக்கலாம், பொறியில் ஓட்டினால் ஆமை வேகத்தில் ஊரும் என்றும் பலர் கூறினர். அந்த ஐயம் நியாயமானது என்றே நான் எண்ணுகிறேன். கேட்பவர் வழி சொல்லாவிட்டால், விரைவான வழியைப் பொறியே கண்டுபிடிக்க வேண்டும். அதைச் செய்யக்கூடிய நிரல் அன்று உலகில் எங்கும் இல்லை.

1974-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், காட் அவர்கள் டாக்டர் பட்டம் பெற்ற அதே ஊரில், ஒரு பெரிய விவாதம் நடந்தது. எதிர்த்தரப்பில் சார்லஸ் பாக்மன் என்ற அறிஞர். தரவுகளை அம்புக்குறிகளால் பின்னிய வலையாக அமைத்தவர்; அதற்காக 1973-இல் டூரிங் விருதும் பெற்றவர். நிரல் எழுதுபவரை, வழியறிந்து கலம் செலுத்தும் மாலுமிக்கு அவர் ஒப்பிட்டிருந்தார். உண்மையிலேயே கடல்மேல் விமானம் ஓட்டிய காட், வழிகாட்டும் வேலையைப் பொறியே பார்த்துக்கொள்ளட்டும் என்று வாதிட்டதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வழி தேடுவது எவ்வளவு சிரமம் என்று அறிந்தவர் அல்லவா!

வாதத்தால் மட்டும் இது முடியாது, செய்து காட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. சான் ஓசே கூடத்தில் சிஸ்டம் ஆர் என்ற திட்டம் தொடங்கியது. டொனால்டு சேம்பர்லினும் பாய்சும் சேர்ந்து, ஆங்கில வாக்கியம் போன்றே கேள்வி கேட்கும் மொழி ஒன்றை வகுத்தனர். இன்று உலகமெங்கும் வழங்கும் எஸ்.க்யூ.எல். அதுதான். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் தம் மாணவர்களுடன் இன்கிரஸ் என்ற அமைப்பைக் கட்டினர். விரைவான வழியைப் பொறியே தேர்ந்தெடுக்க முடியும் என்பது இரண்டு இடத்திலும் மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் சந்தையில் முந்திக்கொண்டது ஐ.பி.எம். அன்று. வெளியிடப்பட்ட கட்டுரைகளைப் படித்த லாரி எலிசனும் கூட்டாளிகளும் 1977-இல் ஒரு சிறு நிறுவனம் தொடங்கி, 1979-இல் ஆரக்கிள் என்ற பெயரில் விற்கவே ஆரம்பித்துவிட்டனர். ஐ.பி.எம்.மின் முதல் விற்பனைப் பொருள் 1981-இல்தான் வந்தது. டிபி2 என்ற பெரிய அமைப்பு 1983-இல். தன் வீட்டுக் கிணற்று நீரைப் பக்கத்து வீட்டுக்காரர் இறைத்து விற்ற கதைதான்!

காட் அவர்கள் 1981-இல் டூரிங் விருது பெற்றார். கணிப்பொறித் துறையில் நோபல் பரிசுக்கு இணையாகக் கருதப்படுவது அது. 1984-இல் நிறுவனத்தை விட்டு விலகினார். அதற்குள் எல்லா வியாபாரிகளும் தம் சரக்கு உறவுசார் தரவுத்தளமே என்று விளம்பரம் செய்யத் தொடங்கிவிட்டனர். பழைய மரத்துக்கு மேலே அட்டவணைப் பலகை மாட்டியவர்களும் அவர்களுள் இருந்தனர். 1985-இல் அவர் பன்னிரண்டு விதிகளை வெளியிட்டு, இவற்றில் தேறுபவர் யார் என்று கேட்டார். பன்னிரண்டு என்று பெயரே தவிர, சுழியத்திலிருந்து எண்ணியதால் மொத்தம் பதின்மூன்று. யாரும் முழு மதிப்பெண் வாங்கவில்லை, எஸ்.க்யூ.எல். கூட அவர் மனத்துக்கு நிறைவளிக்கவில்லை. ஒரே வரி இரண்டு முறை வர அது இடம் கொடுக்கிறது என்பது அவருடைய மனக்குறைகளுள் ஒன்று.

அந்த விதிகளுள் எனக்குப் பிடித்தது, தெரியாதவற்றைப் பற்றியது. தேர்வுக்கு வராத மாணவியின் கட்டத்தில் சுழியம் போட்டால் அவள் எழுதித் தோற்றவள் ஆகிவிடுவாள். எனவே மதிப்பெண் பட்டியலில் வரவில்லை என்று தனியே குறிக்கிறோம். தரவுத்தளத்திலும், தெரியவில்லை என்பதற்குச் சுழியமும் அல்லாத, வெற்றிடமும் அல்லாத ஒரு தனிக் குறி வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இது பல குழப்பங்களைக் கொண்டுவருகிறது என்று அவருடைய நண்பரும் கூட்டாளியுமான கிறிஸ் டேட் கடைசிவரை மறுத்தார். இருவரும் சேர்ந்தே நிறுவனம் நடத்தினர். கருத்து வேறுபாட்டோடு நட்பும் இருந்தது.

எல்லாப் பெரியவர்கள் வாழ்விலும் போல் இவர் வாழ்விலும் ஒரு சறுக்கல் உண்டு. 1993-இல் தரவுகளை அலசிப் பார்க்கும் முறை பற்றி அவர் வெளியிட்ட ஓர் அறிக்கைக்கு, அம்முறைக்கேற்ற பொருளை விற்கும் நிறுவனம் ஒன்று பணம் கொடுத்திருந்தது தெரியவந்தது. பலர் குறை கூறினர். வியாபாரிகளை விதி போட்டு நிறுத்தியவர் இதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டாம் என்றே எனக்கும் தோன்றுகிறது.

இனி, இன்று ஒரு தரவுத்தளச் சர்வரை எப்படி நிறுவுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். சென்னையில் இதே வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன், பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது விளக்கினார். காட் அவர்களின் எண்ணம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

முதலில், இரண்டு சர்வர்களையும் தனித்தனிப் பொறிகளில் வைக்கிறார்கள். மக்களைச் சந்திக்கும் பொறி வெளி உலகுக்குத் திறந்திருக்கும். தரவு இருக்கும் பொறி உள்ளே அடைத்திருக்கும். அண்ணன் காட்டியது போஸ்ட்கிரெஸ் என்ற இலவச மென்பொருள். பெர்க்லியில் பிறந்த இன்கிரசுக்கு அடுத்து அதே ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் தொடங்கியதன் வழிவந்தது. இதைப் புதிதாக நிறுவியதும், தன் சொந்தப் பொறியிலிருந்து வரும் குரலுக்கு மட்டுமே செவி கொடுக்கும். வெளிப்பொறியிலிருந்து பயன்பாட்டுச் சர்வர் அழைத்தால் பதிலே வராது. புதியவர்கள் இங்கேதான் அரை நாள் விழிப்பார்களாம். எந்த முகவரியில் காது கொடுப்பது என்று அமைப்புக் கோப்பில் மாற்ற வேண்டும். பிறகு, எந்தப் பொறியிலிருந்து எந்தப் பயனர் எந்தத் தரவுத்தளத்துக்கு வரலாம் என்று வாயிற்காவலருக்குக் கொடுக்கும் பட்டியல் போல் இன்னொரு கோப்பில் எழுத வேண்டும். வழக்கமான வாசல் எண் 5432. அந்த வாசலைப் பயன்பாட்டுச் சர்வருக்கு மட்டும் திறந்து, மற்றவர்க்கு அடைத்துவிட வேண்டும்.

அடுத்தது சாவிக்கொத்து. பயன்பாட்டுக்கென்று தனிப் பயனர் ஒருவரை உண்டாக்கி, படிக்க, சேர்க்க, திருத்த மட்டும் அனுமதி தருவார்கள். அட்டவணையையே அழிக்கும் அதிகாரம் தரமாட்டார்கள். ஓட்டல் சர்வரிடம் சரக்கறைச் சாவியைக் கொடுப்பார்களா? நூலகப் பணிக்கு மாணவியின் பெயரும் வகுப்பும் போதும், கட்டண விவரம் வேண்டாம் என்றால், அந்த இரண்டு பத்தி மட்டும் தெரியும்படி ஒரு சாளர அட்டவணையை அமைத்துக் கொடுக்கலாம். அந்தச் சாளரமும் காட் அவர்களின் விதிகளுள் ஒன்றே. ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாகத் தொடர்பு ஏற்படுத்தினால் நேரம் வீணாகும். ஆகவே பத்து இருபது தொடர்புகளைத் திறந்தே வைத்து, ஆட்டோ நிறுத்தத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகள் போல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

நம் ஊரில் மின்சாரம் போவது புதிதன்று. பாதி எழுதும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அட்டவணையில் மாற்றம் செய்யும் முன்பே, இன்ன மாற்றம் செய்யப் போகிறேன் என்று தனிக் குறிப்பேட்டில் பொறி எழுதிவிடுமாம். மின்சாரம் மீண்டதும் குறிப்பேட்டைப் படித்து, முடிந்த வேலையை நிலைநிறுத்தி, பாதியில் நின்றதைத் தள்ளிவிடும். இத்துறையில் உலகம் போற்றும் ஏரீஸ் என்ற முறையை 1992-இல் சக அறிஞர்களுடன் வெளியிட்டவர் சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இவர், 1981-இல் சேர்ந்தது காட் அவர்கள் பணிபுரிந்த அதே சான் ஓசே ஆராய்ச்சிக் கூடம்! இதை அறிந்தபோது எனக்கு உண்டான பெருமைக்கு அளவில்லை. குறிப்பேடு இருந்தாலும், நாள்தோறும் முழுப்படி ஒன்றை வேறு பொறியில் எடுத்து வைக்க வேண்டும் என்றும், எடுத்த படியிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்றும் அண்ணன் இரண்டு முறை சொன்னார்.

கடைசியாக அவர் செய்து காட்டியதுதான் என் மனத்தில் நிற்கிறது. தரவு முழுவதையும் இன்னொரு பெரிய பொறிக்கு மாற்றினார். பயன்பாட்டுச் சர்வரில் முகவரி எழுதிய ஒரு வரியை மட்டும் திருத்தினார். கேள்விகளில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை; விடைகளும் மாறவில்லை. விவரம் எங்கே இருக்கிறது, வட்டில் எப்படி அடுக்கியிருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியவே இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஆன் ஆர்பர் மேடையில் நின்று அந்த மனிதர் வாதாடியது இதற்காகத்தான்.

காட் அவர்களுக்கு முதல் மனைவி எலிசபெத் வாயிலாக நான்கு பிள்ளைகள். பின்னர் 1990-இல், தம்முடன் பணியாற்றிய கணித அறிஞர் ஷாரன் வைன்பர்க் அவர்களை மணந்தார். கடைசிக் காலத்தை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கழித்தார். 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் இதயம் செயலிழந்து, தம் 79-ஆம் வயதில் காலமானார். அன்று புனித வெள்ளி. தரவுத்தள ஆராய்ச்சிக்கு அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கத்தின் பிரிவு ஆண்டுதோறும் வழங்கும் விருதுக்கு அடுத்த ஆண்டே அவர் பெயரைச் சூட்டினார்கள். 1996-இல் அந்த விருதைப் பெற்றவர் நம் சி. மோகன்.